விசா மெடிக்கலில் தொடங்கும் பயம்: ராமநாதபுரம் கரையோர இளைஞர்களும் எச்.ஐ.வி. பரிசோதனையும்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எனக் கடலை ஒட்டியே நீளும் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் ஓர் இளைஞர் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக முதன்முதலில் கையை நீட்டுவது பல நேரங்களில் விசா மெடிக்கலுக்காகத்தான். பாஸ்போர்ட் வந்து, ஏஜென்ட் விசா நகலை அனுப்பி, துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மச்சான் "மெடிக்கல முடிச்சிட்டுப் போன் பண்ணு" என்று சொன்ன பிறகு, பெருநகரத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றில் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் நடக்கின்றன. எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், காசநோய் ஆகியவை அங்கே தேடப்படுகின்றன. முடிவு ஃபிட், அன்ஃபிட் என்ற இரண்டே சொற்களில் வரும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு வளைகுடா நாடுகள் வேலை விசா தருவதில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் வசிப்பு அனுமதிக்காகவும் அதைப் புதுப்பிப்பதற்காகவும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போது தொற்று தெரியவந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இளைஞர்களின் பாலியல் நலத்தையும் எச்.ஐ.வி. தடுப்பையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அறியாமை, ஒழுக்கக்கேடு, கைபேசி என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இந்தக் கரையைப் பொறுத்தவரை அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இங்கே பரிசோதனை என்பது ஆளைக் கழித்துக்கட்டும் ஏற்பாடாகவே அறிமுகமாகிறது. சிகிச்சைக்கு முதற்படி அதுதான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கழித்துக்கட்டப்படுவோம் என்று அஞ்சுகிறவர் தானாகப் போய்ப் பரிசோதித்துக்கொள்ள மாட்டார். பரிசோதிக்க வராதவரிடம் ஆணுறை பற்றியோ, பால்வினை நோய் பற்றியோ, ஆபத்து நேர்ந்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள் மருந்து எடுக்க வேண்டும் என்பது பற்றியோ எடுத்துச் சொல்லும் வாய்ப்பும் மருத்துவத் துறைக்குக் கிடைப்பதில்லை.

சட்டம் இதை வேறுவிதமாகத்தான் நினைத்திருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, ஒருவருடைய அறிந்த சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. அந்தச் சம்மதத்துக்குள் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் தரப்படும் ஆலோசனையும் அடங்கும். நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கிச் சோதனை, பெயர் குறிக்காத நோய்க் கண்காணிப்பு போன்ற சில இனங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு, விசா மெடிக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதையும் இதே சட்டம் பாகுபாடு என்று தடுக்கிறது. ஆனால் விசா கொடுப்பதும் மறுப்பதும் இன்னொரு நாட்டின் அதிகாரம் என்பதால் இந்தியச் சட்டம் அந்த நாட்டின் வாசலோடு நின்றுவிடுகிறது. அன்ஃபிட் என்ற சொல்லோடு வெளியே வரும் இளைஞரிடம், அடுத்து எந்த மருத்துவமனைக்கு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பதையாவது மையங்களுக்குக் கட்டாயமாக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தின் ஆலோசனை விதியே போதும்.

அந்தச் சொல் ஊருக்குள் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சபராளிகளின், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்களின், ஊரில் யாருக்கு விசா வந்தது, யார் எந்தத் தேதியில் விமானம் ஏறுகிறார் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி. தேதி கடந்தும் பையன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், "என்ன தம்பி, இன்னும் போகலையா?" என்ற கேள்வி வரும். மெடிக்கலில் போய்விட்டது என்று ஒரு வார்த்தை கசிந்தால் போதும், மிச்சத்தை ஊரே நிரப்பிக்கொள்ளும். எப்போதோ ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் அன்ஃபிட்தான். பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி இருந்தாலும் அன்ஃபிட்தான். ஆனால் முணுமுணுப்பு எல்லாவற்றையும் ஒரே நோயாக மாற்றிவிடுகிறது. தொற்றே இல்லாத பையனும் இந்தப் பழியைச் சுமக்க நேர்வதால், அடுத்தடுத்து வரும் பையன்கள் 'டெஸ்ட்' என்ற பேச்சையே தவிர்க்கப் பழகிக்கொள்கிறார்கள்.

இந்தப் பயம் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு 2018 டிசம்பரில் நடந்ததே சாட்சி. சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி அப்போது நாட்டையே உலுக்கியது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் இதே ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய இளைஞர். சிவகாசியில் உறவினர் ஒருவருக்காகக் கொடுத்த ரத்தம் அங்கே பயன்படாமல் சாத்தூருக்குப் போனது. அதற்கும் முன்னால், 2016-இல் அவர் ரத்ததானம் செய்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும், அந்தத் தகவல் அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது பின்னால் வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. தன் ரத்தம் வேறொருவருக்குப் போய்விடக் கூடாது என்று தானே ரத்த வங்கிக்குத் தெரியப்படுத்தினார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. சில நாட்களில், செய்தி பெரிதாகிக்கொண்டிருந்த போதே, அந்த இளைஞர் தற்கொலைக்கு முயன்று மதுரை அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார்.

அன்றைய விவாதம் முழுவதும் ரத்த வங்கியின் அலட்சியத்தைச் சுற்றியே நடந்தது. அது வேண்டிய விவாதம்தான். ஆனால் அந்த இளைஞரின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ரத்ததானம், விசா மெடிக்கல் என்று இரண்டு முறை பரிசோதிக்கப்பட்டிருந்தும், இரண்டுமே அவருடைய நலனுக்காக நடந்தவை அல்ல. முதல் பரிசோதனைக்குப் பிறகே ஒரு ஆலோசகர் அவரை உட்காரவைத்துப் பேசியிருந்தால், 2016-லேயே இலவச மருத்துவக் கண்காணிப்புக்குள் வந்திருப்பார். அவர் மீண்டும் ரத்தம் கொடுத்திருக்கவும் மாட்டார். எச்.ஐ.வி.யோடு முழு ஆயுள் வாழலாம் என்ற ஒரு வாக்கியம் அந்தக் கடைசி நாட்களில் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விதான் இன்றும் மனத்தை அரிக்கிறது.

பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994-இல் நாட்டிலேயே முதலாவதாக அமைத்ததும் தமிழ்நாடுதான். அதிகப் பரவல் உள்ள ஆறு மாநிலங்களில் ஒன்றாக இருந்த மாநிலம், பரவலைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. அந்தக் காலத்துப் பிரசாரம் மரண பயத்தைக் கொண்டே பேசியது. அன்று மருந்து கைக்கெட்டாததால் வேறு வழியும் அதிகம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெங்கும் கேள்வி கேட்ட விளம்பரத்தை இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடுப்புப் பணிகள் பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசிவழிப் போதையாளர்கள் என்று இலக்குக் குழுக்களை நோக்கிச் சென்றன. நோயியல் கணக்கில் அது சரியான வழி. கூடவே, இது 'அவர்களுடைய' நோய் என்ற எண்ணத்தையும் அது வேரூன்றச் செய்துவிட்டது. எந்தக் குழுவிலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரி மாணவர், படகுக் கூலி, பேக்கரிப் பையன் ஆகியோரின் பெயர் எந்தக் களப்பணியாளரின் பட்டியலிலும் வராது.

அதன் பிறகு மருத்துவம் வெகுதூரம் போய்விட்டது. பயம்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியான உடனே எல்லோருக்கும் மருந்து என்ற கொள்கை 2017-இல் வந்தது. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, நாளுக்கு ஒரு மாத்திரை. ஒருவர் தவறாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து தொற்று பரவுவதில்லை. இதை நோக்கிய பெரிய சான்றாக 2011-இல் முடிவுகளை வெளியிட்ட எச்.பி.டி.என். 052 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள். உடனடியாக மருந்தைத் தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று அப்போது தெரிந்தது. மருந்து எதுவும் தராவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையாகக் கொடுத்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும். தமிழ்நாட்டில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை பெற்று வளர்ப்பவர்களும் நம் பக்கத்து இருக்கையில் பேருந்தில் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்கள் யார் என்று தெரியாததால், எய்ட்ஸ் என்றவுடன் இளைஞர் மனத்தில் எழுவது பழைய சுவரொட்டியின் எலும்புக்கூடுதான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களில் எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் நாடு முழுவதும் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம் என்கிறது. முழுமையான அறிவு என்று அது கேட்பது பெரிய மருத்துவப் பாடம் எதையும் அல்ல. ஆணுறையும், தொற்றில்லாத ஒரே துணையோடு வாழ்வதும் ஆபத்தைக் குறைக்கும். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம். பரவலான இரண்டு தவறான நம்பிக்கைகள் தவறு என்று தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். இவற்றில் இளைஞர்களிடம் வழுக்கிவிடுவது நடுவில் உள்ளது. ஆளைப் பார்த்தாலே தெரியும், தெரிந்த பெண்தான், நல்ல குடும்பத்துப் பையன்தான் என்ற கணிப்புகளுக்கு இந்த வைரஸ் கட்டுப்பட்டதில்லை; தொற்றிய பிறகு பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் இருப்பதே அதன் இயல்பு. பரிசோதனை முடிவுக்கும் ஒரு வரம்பு உண்டு. வழக்கமான எதிர்ப்புப்பொருள் பரிசோதனையில், தொற்றிய முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும்கூட, இல்லை என்றே முடிவு வரலாம். போன வாரத்து உறவைப் பற்றி இந்த வாரத்துச் சீட்டு எதையும் சொல்லாது. மெடிக்கலில் ஃபிட் வந்துவிட்டது என்ற தெம்பில் எதையும் பார்க்காமல் இருப்பவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆணுறை பற்றித் தெரியாத பையன் இன்று அரிது; அதை வாங்குவதுதான் சிக்கல். ஊரில் இருப்பது இரண்டு, மூன்று மருந்துக் கடைகள். கல்லாவில் இருப்பவர் வாப்பாவுக்குத் தெரிந்தவராகவோ மாமா முறையாகவோ இருப்பார். பையன் உள்ளே நுழைகிறான். "என்ன தம்பி வேணும்?" "தலைவலி மாத்திரை ஒரு அட்டை, காக்கா." பின்னால் வந்து நிற்கும் பெண்மணி போகட்டும் என்று கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறான், அவர் போவதற்குள் இன்னொருவர் வந்துவிடுகிறார். தலைவலி மாத்திரையோடு வெளியேறுகிறான். 1968 முதல் நிரோத் ஆணுறை விற்கும் நாட்டில், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே ஆணுறை கிடைக்கும் நாட்டில், இந்தக் கரையூர்ப் பையனுக்குத் தடை அந்தக் கண்ணாடி மேசையின் குறுக்களவு மட்டுமே. சிலர் இதற்காகவே பேருந்தேறி ராமநாதபுரம் பழைய பேருந்து நிலையப் பக்கம் போகிறார்கள். இணையத்தில் வாங்கலாமே என்றால், கூரியர்காரர் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம், மூக்கையூர்ப் பக்கத்து மீனவ இளைஞர்களுக்கு விசா மெடிக்கல் என்ற வாசலும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கடல்வேலைக்குப் போகிறார்கள். வீட்டை விட்டுத் தள்ளி, கையில் காசோடு, மூத்த ஆட்களின் நடுவே கழியும் அந்த மாதங்களில்தான் பலருக்கு முதல் அனுபவமும் முதல் தவறான பாடமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. புண்ணோ சீழோ எரிச்சலோ வந்தால் உடன் வேலை செய்யும் அண்ணன் சொல்லும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அறிகுறி அடங்கிவிடும், நோய் அடங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. பிறப்புறுப்பில் புண் உள்ளவருக்கு எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும் என்பதால், பால்வினை நோய்க்கு முறையான சிகிச்சை எடுப்பதே ஒரு தடுப்பு முறை. மாநிலத்தின் பல ஊர்களில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஒரே ஊசியைக் கைமாற்றுவது உடலுறவைவிட நேரடியான வழி. இந்தியாவில் ஊசிவழிப் போதையாளர்களிடையே எச்.ஐ.வி. பரவல் ஏறத்தாழ 9 சதவீதம், பொது மக்களிடையே அது 0.2 சதவீதம்.

பெண்களுக்குப் பரிசோதனை வரும் வழி வேறு. முதல் கர்ப்பத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து எச்.ஐ.வி.க்கும் பார்த்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் மகப்பேறு கவனிப்பில் இது நன்றாகவே நடக்கிறது, எத்தனையோ குழந்தைகளை இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கணவர் சபரில் இருக்கும்போது, அல்லது கடலில் இருக்கும்போது, மனைவிக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. அவருக்குத் தொற்றியதே கணவரிடமிருந்துதான் என்றாலும், முதலில் தெரிந்தவரிடமிருந்துதான் நோய் வந்தது என்று மாமியார் வீடு முடிவுகட்டிவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒன்றாக வந்து ஒரே நேரத்தில் பரிசோதித்துக்கொண்டால் இந்தப் பழிக்கு இடமிருக்காது. திருமணமாகாத பெண்ணின் நிலைமை இன்னும் இறுக்கமானது. வெள்ளைப்படுதலுக்காகக்கூட மகளிர் மருத்துவரிடம் தனியாகப் போனால், போகும் வழியிலேயே கேள்வி வந்துவிடும்.

பள்ளிக்கூடம் இதில் பாதி வேலையைத்தான் செய்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எய்ட்ஸ் இருக்கிறது, பரவும் வழிகளும் இருக்கின்றன. தேர்வுக்கு வரும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் இருக்கிறது. 2005-இல் கொண்டுவரப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் இரண்டே ஆண்டுகளில் தடைசெய்ததை நினைத்தால், பாடம் மிஞ்சியிருப்பதே பெரிது. கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் உண்டு. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று உறுதிமொழியும் மனிதச் சங்கிலியும் நடக்கும். பக்கத்திலேயே இருக்கும் பரிசோதனை மையத்தின் அறை எண்ணை அந்தச் சங்கிலியில் நிற்கும் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சட்டமும் ஒரு முட்டுக்கட்டை. பரிசோதனைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, பதினேழு வயதுப் பிள்ளைகள் இருவர் விரும்பிச் சேர்ந்ததும் குற்றமே; விஷயம் தெரியவந்தவர் அதைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதும் கட்டாயம். குழந்தைகளைக் காக்க அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உதவி தேடி வரும் பிள்ளை, டாக்டரிடம் வாயைத் திறந்தால் வழக்காகிவிடும் என்று நினைத்து மருந்துக் கடைக்கே திரும்புகிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவருடைய பெயரை மருத்துவர் காவல்துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பால்வினை நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் அப்படியொரு தெளிவு வேண்டும்.

இத்தனை தடைகளையும் தாண்டி ஒருவர் வந்துவிட்டால் நடப்பது அவ்வளவு பயங்கரமாக இல்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை மாட்டிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர், படங்கள் வரைந்த புரட்டு அட்டை, ஆணுறை அணிவதைக் காட்ட மரத்தால் செய்த ஒரு மாதிரி. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார். சொல்ல விருப்பமில்லை என்றாலும் பரிசோதனை உண்டு, கட்டணம் இல்லை. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அன்றே சொல்லிவிடுவார்கள். இருக்கிறது என்று வந்தால், வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று பரிசோதனைகளிலும் உறுதியான பிறகே முடிவு தருவார்கள். பிறகு கூட்டு மருந்து மையத்தில் பதிவு. வந்தவரின் சம்மதம் இல்லாமல் முடிவை ஊருக்கோ, குடும்பத்துக்கோ, முதலாளிக்கோ சொல்ல ஆலோசகருக்குப் பொதுவாக உரிமையில்லை. போக முடியாதவர்களுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து ஆபத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரையும் மருத்துவர் பரிந்துரையில் கிடைக்கிறது.

அறைக்கு வெளியே உள்ள பெஞ்சுதான் கடினம். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கீழக்கரைப் பையன் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதுரைக்குப் போகிறான், போக முடியாதவன் போகாமலே இருந்துவிடுகிறான். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய்ச் சளி எல்லாம் பார்க்கும் பொது முகாமிலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் பெஞ்சுக்குத் தனிப் பெயர் இருக்காது. நேரத்தையும் மாற்ற வேண்டும். நம்பிக்கை மையம் அலுவலக நேரத்தில் இயங்குகிறது. அந்த நேரத்தில் படகுக்காரர் கடலில் இருப்பார், அல்லது இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு உறக்கத்தில் இருப்பார். தடைக்காலத்துக்கு வெளியூர் கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலும், அவர்கள் திரும்பி வந்து படகுகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் ஜூன் முதல் பாதியிலும், சபராளிகள் விடுமுறைக்கு வந்து கல்யாணங்கள் நடக்கும் மாதங்களிலும், மாலை ஆறு மணிக்கு மேல் நடமாடும் பரிசோதனை வண்டியை மீன்பிடி இறங்குதளத்துக்கும் கடைத்தெருவுக்கும் அனுப்பினால், வருகிறவர்களின் எண்ணிக்கை ஒரு வருடத்துக்குள்ளேயே வேறாக இருக்கும்.